ஏறும் தவமும் இறங்கும் தவமும்

வெள்ளியங்கிரி ஏறி வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ஏறிய கதையைவிட இறங்கிய கதையைத்தான் அதிக நேரம் சொல்வார்கள். பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடியை வாங்கிக்கொண்டு ராத்திரியில் ஏற ஆரம்பித்தால், ஏழு மலையும் தாண்டி சாமியைப் பார்க்கிற வரைக்கும் உள்ளுக்குள் ஒரு வேகம் இருக்கும். மூச்சு வாங்கினாலும் கால் நிற்காது. திரும்பும்போதுதான் முட்டி நடுங்கும், பாதம் எங்கே வைப்பதென்று தெரியாது. தடியை எதற்கு வாங்கினோம் என்பது அப்போதுதான் புரியும்.

இருபது வருடமாக எங்கள் ஊர்ப்பக்கம் தவம், அதாவது தியானம், பழக வருகிறவர்களோடு உட்கார்ந்து எழுகிறவன் நான். ஆசிரியர் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். கொஞ்சம் முன்னால் வந்தவன், அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: முதல் ஒன்றிரண்டு வருடத்தில் சிக்கிக்கொள்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முயற்சி போதாமல் சிக்குவதில்லை. ஏறுவதற்கு மட்டும் கற்றுக்கொண்டு, இறங்குவதற்குக் கற்காமல் விட்டதால் சிக்குகிறார்கள். அதோடு, உள்ளே நடப்பதை "இது இன்னதுதான், பயப்படாதே" என்று சொல்ல ஓர் ஆள் பக்கத்தில் இல்லாமல் போகிறது.

கொங்கு நாட்டில் தேடலுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. மருதமலையில் பாம்பாட்டிச் சித்தர் குகை, காங்கயம் பக்கத்து ஊதியூர் மலையில் கொங்கணர், பழனியில் போகர் சமாதி, கரூரில் கருவூரார், காவிரிக்கரை நெரூரில் சதாசிவ பிரம்மேந்திரர் என்று போகிற திசையெல்லாம் ஒரு பெயர் இருக்கிறது. பேரூரிலும் சிரவையிலும் ஆதீனங்கள். முதுகெலும்பின் அடியில் உறங்குவதாகச் சொல்லப்படுகிற சக்தியை எழுப்புகிற குண்டலினி யோகத்தைக் குடும்பஸ்தர்களுக்கு எளிமையாக்கித் தந்த வேதாத்திரி மகரிஷி 1984 இல் ஆழியாறில் அறிவுத் திருக்கோயிலை நிறுவிய பிறகு, தவம் என்கிற சொல் சந்தைக்கடை வரைக்கும் வந்துவிட்டது. 1992 இல் தொடங்கிய ஈஷா யோக அமைப்பு, பிறகு வெள்ளியங்கிரி அடிவாரத்தில் ஆசிரமம் அமைத்தது. இப்போது கைபேசி. பனியன் கம்பெனியில் டீ நேரத்தில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு அன்றைக்கு ராத்திரியே கண்ணை மூடி உட்காருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆசை நல்ல ஆசைதான். அந்தப் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிடக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் வாரத்திலேயே வருகிற புகார் ஒன்று உண்டு. "உக்காந்தா மனசு முன்னைக்காட்டி ஜாஸ்தியா ஓடுதுங்கண்ணா. எனக்கு இது ஆகாதுங்களாட்ட இருக்குது." இதைச் சொல்லாத ஆளே இல்லை. சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்குடோன் இருக்கிற தெருவில் குடியிருந்தவர்களுக்கு இது லேசாகப் புரியும். பகலெல்லாம் தறி ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தச் சத்தம் தனியாகக் காதில் விழாது. திடீரென்று கரண்ட் போனால் நிசப்தம் வந்து அறைகிற மாதிரி இருக்கும். அப்போதுதான் பக்கத்து வீட்டுக் குக்கர், குழந்தை அழுகை, நம் காதுக்குள் இருக்கிற ரீங்காரம் எல்லாம் கேட்கும். அவை புதிதாக வந்தவை இல்லை, ஏற்கெனவே இருந்தவைதான். மனம் நாள் முழுக்க இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்குத்தான் நாம் அதைக் கேட்க உட்கார்ந்திருக்கிறோம். இதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு இரண்டாவது வாரமே விட்டுவிடுகிறவர்கள் ஏராளம்.

தூக்கம் அடுத்தது. நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து கண்ணை மூடினால் தூக்கம்தான் வரும். அது உடம்பு கேட்கிற கடன். அதைக் கொடுத்துவிட்டுத்தான் தவத்துக்கு வர வேண்டும். தூக்கத்தைக் குறைத்துத் தவத்தைக் கூட்டுவது முதல் வருடக்காரர்கள் செய்யவே கூடாத வேலை. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

புகாராக வராமல் பெருமையாக வருகிற விஷயங்கள்தான் என்னை அதிகம் கவலைப்படுத்துகின்றன. நீலமாக வெளிச்சம் தெரிந்தது, உடம்பு தூக்கிப் போட்டது, முதுகில் எறும்பு ஊர்ந்தது, காதில் மணியோசை கேட்டது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சாதாரணமான உடல் விளக்கம் இருக்கிறது. மூடிய கண்ணுக்குள் விழித்திரையும் மூளையும் தாமாகவே ஒளிப்புள்ளிகளை உண்டாக்கும். கண்ணை இறுக்கினாலோ அழுத்தித் தேய்த்தாலோ இன்னும் அதிகமாகத் தெரியும். விழிப்புக்கும் தூக்கத்துக்கும் நடுவில் தசைகள் சட்டென்று துள்ளுவது தூங்கப் போகிற பெரும்பாலானவர்களுக்கு நடக்கிறதுதான். ஒரே நிலையில் உட்கார்ந்தால் நரம்பு அழுந்தி ஊர்கிற உணர்ச்சி வரும். தெய்வீகமே இல்லை என்று வாதாட நான் வரவில்லை. வந்ததையெல்லாம் அடையாளம் என்று பிடித்துக்கொண்டால், மறுநாள் அது வராதபோது மனம் உடைந்துவிடும். அதை மறுபடி வரவழைக்க இன்னும் அழுத்திச் செய்யத் தோன்றும். அந்த அழுத்தத்தில்தான் ஆபத்து ஆரம்பிக்கிறது.

பழைய நூல்கள் இதில் நம்மைவிடத் தெளிவாக இருந்தன. பதஞ்சலியின் யோக சூத்திரம் முதல் பாதத்திலேயே ஒன்பது தடைகளை வரிசையாகச் சொல்கிறது. நோய், மந்தம், சந்தேகம், கவனக்குறைவு, சோம்பல், புலனாசை என்று போகிற அந்த வரிசையில் ஏழாவதாக நிற்பது பிராந்தி தரிசனம், அதாவது இல்லாததை இருப்பதாகக் காண்பது. காட்சி தெரிவதை வரம் என்று நாம் கொண்டாடுகிறோம். அந்த நூலோ பிறழ்ந்த காட்சியை நோயோடும் சோம்பலோடும் ஒரே வரிசையில் நிறுத்தி வைத்திருக்கிறது. அடுத்த சூத்திரம் துன்பம், மனச்சோர்வு, உடல் நடுக்கம், மூச்சு தாறுமாறாவது ஆகியவற்றை இந்தத் தடைகளோடு கூட வருபவை என்கிறது. முதல் வருடத்தில் நடுங்குகிறவன் உலகத்திலேயே தனி ஆள் இல்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

மூச்சு விஷயத்துக்கு வருகிறேன், இதுதான் ரொம்ப முக்கியம். திருப்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு பையன், இருபத்திரண்டு வயது, செக்கிங் வேலை. ஏதோ வீடியோவைப் பார்த்து வேகவேகமாக மூச்சு இழுத்து விட ஆரம்பித்திருக்கிறான். கால் மணி நேரத்தில் உதடும் விரலும் மரத்து, கை இரண்டும் கொக்கி மாதிரி கோணிக்கொண்டன. விரலை விரிக்க முடியவில்லை. நெஞ்சு படபடவென்று அடிக்க, வீட்டில் அழுகை. கூட இருந்த கூட்டாளி "குண்டலினி எழும்பிருச்சுடா" என்றிருக்கிறான். அம்மா காத்து கருப்பு என்று நினைத்து எலுமிச்சம்பழத்துக்கு ஓடியிருக்கிறார்.

நடந்தது இதுதான். தேவைக்கு மேல் வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் இருக்கிற கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடும். ரத்தத்தின் காரத்தன்மை கூடும். மூளைக்குப் போகிற ரத்தக் குழாய்கள் சுருங்கும், அதனால் தலை மிதக்கிற மாதிரி இருக்கும். தசைக்கும் நரம்புக்கும் கிடைக்க வேண்டிய கால்சியத்தில் ஒரு பங்கு கிடைக்காமல் போக, கைவிரல்கள் இழுத்துக்கொள்ளும். மூச்சு மெதுவானதும் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். அவனுக்கும் சரியானது. ஆனால் அவன் மறுநாளும் செய்தான். ஏனென்றால் முந்தின நாள் ஏதோ பெரிதாக நடந்துவிட்டது என்று நம்பினான். இரண்டாம் நாளிலிருந்து தனியாக இருந்தாலே படபடப்பு. பஸ்ஸில் போகப் பயம். மூன்று மாதம் மருத்துவரைப் பார்த்த பிறகுதான் வேலைக்குப் போக முடிந்தது. ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வேக மூச்சையும் மூச்சை அடக்கிப் பிடிப்பதையும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

திருமூலர் பிராணாயாமத்தைச் சொல்லும்போது ஒரு பாட்டை "ஏற்றி இறக்கி" என்றுதான் ஆரம்பிக்கிறார். அந்தக் காற்றைப் பிடிக்கிற கணக்கு அறிந்தவர் இல்லையே என்று அடுத்த அடியில் வருந்துகிறார். கணக்கு என்று அவர் சொன்னதை நாம் வேகம் என்று மாற்றிக்கொண்டோம்.

இறக்குவதற்கு வழி சொல்லித் தந்ததில் எங்கள் பக்கத்து உதாரணமே போதும். வேதாத்திரி மகரிஷி நெசவாளர் குடும்பத்தில் பிறந்து ஜவுளித் தொழிலும் செய்தவர். அவருடைய பயிற்சியில் முதலில் புருவ மத்தியில் கவனம் வைக்கிற ஆக்கினைத் தவம். அதோடு நிறுத்தாமல், கவனத்தைக் கீழே, முதுகெலும்பின் அடியிலுள்ள மூலாதாரத்துக்குக் கொண்டுவருகிற சாந்தித் தவத்தையும் கூடவே வைத்தார். நெற்றியில் அழுத்தம், தலை பாரம், தூக்கக் குறைவு என்று வந்தால் சாந்தியில் உட்காரச் சொல்வார்கள். குண்டலினி என்கிற சொல்லை ஒருவர் நம்புகிறாரோ இல்லையோ, இந்த அமைப்பில் இருக்கிற நிதானம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஏற்றுகிற பயிற்சியைத் தருகிற நாளிலேயே இறக்குகிற பயிற்சியையும் யோசித்து வைத்திருக்கிறார். தவத்துக்கு முன்னால் எளியமுறை உடற்பயிற்சி, பின்னால் சினத்தையும் கவலையையும் அலசுகிற அகத்தாய்வு. கண்ணை மூடுவது நடுவில் ஒரு பங்குதான். வீடியோக்களில் அந்த நடுப்பங்கு மட்டும் வெட்டி எடுத்து வருகிறது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வயதில், யாரையும் கேட்காமல், காலை மூன்று மணிக்கு எழுந்து நாலு மணி நேரம் உட்கார ஆரம்பித்தேன். இரண்டு மாதத்தில் தலையைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்கின மாதிரி ஆனது. தூக்கம் மூன்று மணி நேரமாகச் சுருங்கியது. அதையும் யோகியின் லட்சணம் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் வாசலில் நின்றபோது என் கை என் கை மாதிரியே தெரியவில்லை. வீடு, மரம் எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோல் தோன்றியது. உயிரே போகிற பயம். எங்கள் ஊரில் நாற்பது வருடம் தவம் செய்த ஒரு பெரியவரிடம் ஓடினேன். அவர் சக்கரம், நாடி எதையும் பேசவில்லை. "பதினஞ்சு நாளைக்குக் கண்ணை மூடாத கண்ணு. மஞ்சக் காட்டுக்குப் போயித் தண்ணி கட்டு. மூணு வேளையும் வகுறு நெறையச் சாப்புடு. ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் படுத்துக்க. அப்பறம் வா, பாக்கலாம்" என்றார். மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்றபோதுதான் கால் எனக்குத் திரும்பி வந்தது. அவர் சொன்னதில் இருந்த மருத்துவம் பிற்பாடுதான் விளங்கியது. உலகமும் உடம்பும் அந்நியமாகத் தோன்றுகிற நிலையை மனநல மருத்துவம் நன்றாகவே அறியும். தூக்கமின்மையும் பதற்றமும் அதைக் கிளப்பும். ஏறி இறங்குகிற மனநிலை நோய்க்கு உள்ளூர நாட்டம் உள்ளவர்களுக்குத் தூக்கத்தைக் குறைப்பதே நோயைத் தூண்டிவிடப் போதுமானது. எனக்கு அந்த நாட்டம் இல்லாதது என் நல்லகாலம். தூக்கத்தைக் குறைக்காதீர்கள் என்று மேலே சொன்னது இதனால்தான்.

இதெல்லாம் ஒன்றிரண்டு பேருக்கு நடக்கிற அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். தியானத்தில் வரும் பாதகங்களைப் பற்றி 2020 இல் வெளிவந்த ஒரு மருத்துவ மீளாய்வு, 83 ஆய்வுகளையும் அவற்றில் கலந்துகொண்ட 6,700 க்கும் மேற்பட்டவர்களையும் கணக்கில் எடுத்தது. ஏதாவது ஒரு பாதகம் அனுபவித்தவர்கள் சுமார் 8 சதவீதம். பதற்றமும் மனச்சோர்வும்தான் அதிகம் காணப்பட்டவை. பன்னிரண்டு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்பு 2017 இல் அமெரிக்காவில் நீண்டகாலத் தியானிகளை நேரில் கண்டு செய்த ஓர் ஆய்வு, அவர்கள் பட்ட சிரமங்களை 59 வகையாகப் பிரித்தது. பயம், உடல் துள்ளல், வெளிச்சம், தூக்கமின்மை, நான் என்கிற உணர்வு கரைவது எல்லாம் அதில் இருக்கின்றன. மீதி பதினோரு பேருக்குத் தியானம் நன்மையே செய்யலாம். அந்தப் பன்னிரண்டாவது ஆள் நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால்?

மனநலத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தவம் பழகக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். பழகப் போவதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும், மாத்திரையை நிறுத்தவே கூடாது. "சக்தி ஏறிட்டா மாத்திரை எதுக்கு" என்று சொல்கிறவர் யாராக இருந்தாலும் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். குரல் கேட்கிறது, தூக்கமே இல்லாமல் உற்சாகம் பொங்குகிறது, தான்தான் அவதாரம் என்று தோன்றுகிறது, செத்துவிடலாம் போலிருக்கிறது என்றெல்லாம் வந்தால் அன்றைக்கே தவத்தை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவிச் சேவை இருக்கிறது. இலவசம், எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

உடம்பில் வருகிற சிக்கலை இவ்வளவு நேரம் சொன்னேன். வீட்டில் வருவது வேறு. புதிதாகத் தவத்துக்கு வந்தவன் முதலில் சண்டை போடுவது குலதெய்வப் பொங்கலில்தான். ஆறு மாதம் முன்புவரை கிடாய்க்கறி விருந்துக்கு முதல் பந்தியில் உட்கார்ந்தவன், இப்போது கோயில் வாசலிலேயே பெரியப்பாவுக்கு ஜீவகாருண்யம் எடுத்துச் சொல்வான். மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிற அம்மாவை அறியாமை என்பான். கறி வேண்டாம் என்பது நல்ல முடிவாகவே இருக்கட்டும். பேரூர்த் திருமடத்தின் முதல்வர் சாந்தலிங்க அடிகள் கொலை மறுத்தல் என்று ஒரு நூலே செய்தவர். அவரேதான் அவிரோத உந்தியார் என்றும் ஒன்று செய்தார். விரோதம் இல்லாமை என்று பொருள். இரண்டும் ஒரே மனதிலிருந்து வந்தவை என்பதை நம் பிள்ளைகளுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

வைராக்கியத்தில், அதாவது பற்றெல்லாம் விட்டுப்போகிற உணர்வில், புராண வைராக்கியம், பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம் என்று பெரியவர்கள் மூன்று சொல்வார்கள். கதை கேட்கும்போது, பிள்ளை பெறும்போது, சுடுகாட்டில் நிற்கும்போது வருவது. வீட்டுக்கு வந்து குளித்தால் போய்விடும். நாலாவதாக முகாம் வைராக்கியம் என்று ஒன்றைச் சேர்க்கலாம். மூன்று நாள் முகாம் முடித்து வந்த சூட்டில் வேலையை எழுதிக் கொடுத்தவர்கள், கல்யாணத்தை நிறுத்தியவர்கள் எனக்குத் தெரியும். அந்தச் சூடு அடங்க ஆறு மாதம் ஆகும். அதுவரைக்கும் பெரிய முடிவு எதையும் எடுக்காதீர்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன்.

குருவைப் பற்றி நெரூரில் ஒரு கதை சொல்வார்கள். சதாசிவர் இளமையில் மகா வாதக்காரர். வருகிற பண்டிதர்களையெல்லாம் மடக்கிவிடுவார். அவருடைய குரு ஒருநாள், ஊரார் வாயையெல்லாம் அடக்குகிறாயே, உன் வாயை அடக்க மாட்டாயா என்று கேட்டாராம். அன்றிலிருந்து மௌனம். குரு அங்கே செய்தது இவ்வளவுதான்: சீடன் எதில் வளர்ந்துகொண்டிருப்பதாக நினைத்தானோ, அதில்தான் மாட்டியிருக்கிறான் என்று காட்டிக்கொடுத்தார். பணம் கேட்கவில்லை, வீட்டாருக்குச் சொல்லாதே என்று சொல்லவில்லை. ரகசியம், தனிமை, கட்டணத்துக்கு மேல் கட்டணம், கேள்வி கேட்டால் பாவம் என்கிற மிரட்டல் ஆகியவை சேர்ந்து இருக்கிற இடத்தில் எவ்வளவு பெரிய கூட்டம் இருந்தாலும் என் பிள்ளையை நான் அனுப்பமாட்டேன்.

பெரிய குரு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. துணை வேண்டும். எங்கள் தோட்டங்களில் மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற கவலை ஓட்டிய காலத்தில் புதுக் காளையைத் தனியாகப் பூட்டமாட்டார்கள். பழகின காளையோடு சேர்த்துத்தான் பூட்டுவார்கள். இறக்கத்தில் வடத்தை இழுத்துக்கொண்டு போவதைப் புதுக் காளை சீக்கிரம் கற்றுக்கொள்ளும். சால் தண்ணீரைக் கொட்டிய பிறகு பின்னாலேயே அடி வைத்து மேட்டுக்குத் திரும்பி வருவதுதான் அதற்கு வராது. மிரளும். பக்கத்தில் இருக்கிற பழைய மாடு அதுபாட்டுக்குப் பின்வாங்கும், இதுவும் கூடவே வரும். முதல் வருடம் பத்து, பதினைந்து நிமிடம் போதும். வாரம் ஒருமுறை, நமக்கு முன்னால் நடந்தவர் ஒருவரோடு உட்கார்ந்து, நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அவர் "அது ஒண்ணுமில்லைங்க" என்று சொல்வதற்கே பாதி பயம் போய்விடும்.

சோமனூரில் ஓர் அக்கா இருக்கிறார். இருபது வருடமாகத் தறி ஓட்டுகிறவர். தவத்துக்கு வந்த இரண்டாம் மாதம், காதில் ஓயாமல் ஓர் இசை கேட்கிறது, அது யாரும் மீட்டாமல் உள்ளே எழுகிற அநாகத நாதம் என்று யாரோ சொன்னார்கள் என்று பூரிப்போடு வந்தார். எனக்கு அந்தப் பூரிப்பைக் கலைக்க மனசில்லை. ஆனாலும், "அக்கா, ஒரு தடவ காது டாக்டரைப் பாத்துட்டு வந்துருங்க" என்றேன். போனார். தறிச் சத்தத்தில் காது கேட்கும் திறன் குறைந்திருக்கிறது, ரீங்காரம் அதனால் வருவது என்று சொல்லியிருக்கிறார்கள். கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை. இப்போது காதுக்கு அடைப்பான் வைத்துக்கொண்டுதான் தறிக்குப் போகிறார், மகனுக்கும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். தினமும் காலையில் பதினைந்து நிமிடம் உட்காருகிறார். போன மாதம் கேட்டேன், அந்தச் சத்தம் எப்படி இருக்கிறதென்று.

"அது அதுபாட்டுக்கு இருக்குதுங்க தம்பி. நானும் எம்பாட்டுக்கு உக்காந்துக்கறனுங்க."